அல்மண்ட் வீதி நூலகத்தின் படம்

“படத்தைக் காணேல்லை, அண்ணை. பின்னேரம் கவுன்சில் கூட்டம்.”

அனோஜினிக்கு மூச்சு வாங்கியது. அல்மண்ட் வீதி நூலகத்தை விற்கவிடாமல் போராடும் குழுவின் தலைவி அவள். ஜெர்மனியில் காப்புறுதி நிறுவனங்களுக்காகத் துப்பறிந்துவிட்டு லண்டன் ஈஸ்ட் ஹாமில் குடியேறிய ஜீவரத்தினம், அவளை உட்காரச் சொன்னார். உதவியாளர் மேரிசாந்தி அதற்குள் புறப்படத் தயாராகிவிட்டாள்.

“என்ன படம்?”

“எங்கட லைப்ரரி திறப்பு விழாப் படம். பழைய சாமான் சந்தையில நான்தான் வாங்கினனான். தூண், வாசல், மேயர் எல்லாம் தெரியுது. இது சரித்திரக் கட்டடம் எண்டதுக்கு எங்களிட்ட வேற சாட்சி இல்லை.”

அவளுடைய கைபேசியில் இருந்த பிரதியைப் பெரிதாக்கி, ஜீவரத்தினம் வெகுநேரம் பார்த்தார்.

நூலகத்தில் படம் இருந்த கண்ணாடிப் பெட்டி உடையவில்லை, பூட்டும் பழுதில்லை. சாவி இருவரிடம் இருந்தது. காவலாளி கஸ்பர் கத்தினார்: “எங்கட லைப்ரரிப் படத்தை நான் ஏன் எடுக்கிறன்? இதை மூடினா எனக்கும் வேலையில்லை!”

நூலகர் கத்தரின் மெதுவாகச் சொன்னாள்: “அந்த லைப்ரரியின்ர படத்தை நேற்றுத்தான் துடைச்சு வைச்சனான்.”

“கஸ்பர்தான் அண்ணை,” என்று மேரிசாந்தி காதோடு சொன்னாள். “என்ன கத்துக் கத்துறார்!”

“அது பயம்,” என்ற ஜீவரத்தினம் எல்லாரையும் மேசையைச் சுற்றி இருக்கச் செய்தார்.

“கத்தரின், இஞ்ச எல்லாருக்கும் இது ‘எங்கட லைப்ரரி’. இவ்வளவு காலம் வேலை செய்த நீங்கள் மட்டும் ‘அந்த லைப்ரரி’ எண்டனீங்கள். ஏனெண்டால் படத்தில இருக்கிறது வேற லைப்ரரி.” கைபேசியைக் காட்டினார். “பின்னால பெயர்ப்பலகை. ‘சென்டர்’ எண்ட இங்கிலிஷ் சொல்லின்ர கடைசி ரெண்டு எழுத்தும் இஞ்சத்தைய மாதிரியில்லாமல் இடம் மாறியிருக்கு. அமெரிக்காவிலதான் அப்படி எழுதுவினம்.”

கத்தரின் கைப்பையிலிருந்து படத்தை எடுத்து வைத்தாள்.

“துடைக்கேக்க பின்பக்கம் பார்த்தன். அமெரிக்காவில டென்வர் ஸ்டூடியோ ஒண்டின்ர முத்திரை. அந்த ஊர் நூலகம், அந்த ஊர் மேயர். கூட்டத்தில ஆரும் கண்டுபிடிச்சா அனோஜினியைப் பொய்க்காரி எண்டிருப்பினம். களவுபோனால் கொஞ்ச அனுதாபமாவது வரும் எண்டு நினைச்சன்.”

அனோஜினி படத்தைத் தொடவில்லை. “இஞ்சத்தைய படமெண்டுதான் வித்தவன் சொன்னவன்…”

“வேற வழி இருக்கா, அண்ணை?” மேரிசாந்தி கேட்டாள். ஜீவரத்தினம் கைபேசியை அனோஜினியிடம் திருப்பிக் கொடுத்தார்.

அனோஜினி படமில்லாமலே கூட்டத்துக்குப் போனாள். லண்டனுக்கு வந்த புதிதில் தான் ஆங்கிலம் படித்தது இந்த நூலகத்தில்தான் என்று சொன்னாள். வீட்டில் இடமில்லாத பிள்ளைகள் அங்கேதான் படிக்கிறார்கள் என்றாள். உறுப்பினர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். பிறகு விற்பதற்குக் கையுயர்த்தினார்கள்.

வாசலில் ஜீவரத்தினம் அவளுக்காகக் காத்து நின்றார்.

“ஆர் எடுத்தது எண்டதைத்தான் தங்கச்சி என்னால கண்டுபிடிக்க ஏலும்.”

“தெரியும் அண்ணை,” என்றாள் அனோஜினி. “விற்கப் போகினம் எண்டதைக் கத்தரினிட்ட நானே சொல்லுறன்.” அவள் நூலகத்தை நோக்கி நடந்தாள்.