படகோட்டியின் முன்பல்

மழைக்கு ஒதுங்க வந்தவன் என்றுதான் முதலில் நினைத்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவன் தலை முதல் கால் வரை நனைந்திருந்தான். வாயைக் கைக்குட்டையால் பொத்தியிருந்ததில் வெளியே தெரிந்தது இரண்டு கண்கள் மட்டும்தான்... இமையோரம் மழைத்துளி தொங்க, திருதிருவென்று விழித்த கண்கள். அவள் முகத்திலும் மாஸ்க். அவனுக்கும் இரண்டு கண்கள்தான் தெரிந்திருக்கும். பார்த்தார்கள்... பார்த்துக்கொண்டே நின்றார்கள். பல் ஆஸ்பத்திரி வாசலில் அப்படி நிற்க ஒரு நியாயமும் இல்லை.

“சின்ன டாக்டர், முன்பல் ஒண்ணு வந்திருக்கு,” என்று வரவேற்பு மேஜை அக்கா குரல் கொடுத்த பிறகுதான் அவளுக்கு உலகம் திரும்பக் கிடைத்தது.

அந்த ஆஸ்பத்திரியில் வருகிறவர்களுக்குப் பல்தான் பெயர். கடைவாய்ப்பல் நாளைக்கு வருதாம், ஞானப்பல் ஊசியைப் பார்த்துட்டு ஓடிப்போச்சு என்றுதான் பேச்சு. ஆஸ்பத்திரி பெரிய டாக்டருடையது. அவருடைய ஒரே மகள் சின்ன டாக்டர். அப்பா அன்றைக்குச் சீக்கிரமே கிளம்பிவிட்டார். அவளும் கையைக் கழுவிக்கொண்டு கிளம்ப இருந்தாள். வீட்டில் ‘மேகத் துறை’ பார்க்க வேண்டும்.

பள்ளி விடுதியில் இருந்த நாளில் அவள் உயிரை விட்டுப் பார்த்த அனிமே, ஜப்பான்காரர்களின் கார்ட்டூன் தொடர் அது. மேகங்களுக்கு நடுவே மிதக்கும் தீவுகள். தீவுக்குத் தீவு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஒரு படகோட்டி. பாறை உச்சியில் அவனுக்காக விளக்கேற்றி வைக்கும் ஒரு பெண். கடைசிப் பாகத்தில் படகோட்டி மனதில் இருப்பதை ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் துடுப்பைப் போட்டுக்கொண்டு போய்விடுவான்... விடுதியே தலையணையில் முகம் புதைத்து அழுதது. இப்போது அதே கதையைப் புதிதாக வரைந்து, புதுத் தமிழ்க் குரல்கள் கொடுத்து, வாரத்துக்கு ஒரு பாகமாக விடுகிறார்கள். ஒரு வாரம்கூடத் தவறாமல் பார்த்தாள். திட்டுவதற்காகத்தான்.

எப்படி உடைந்தது என்று கேட்டதற்கு, ஏதோ கம்பியில் இடித்துக்கொண்டதாகக் கைக்குட்டைக்குள்ளிருந்தே முனகினான். பார்த்தாள். மேல் முன்பல்லில் பாதி இல்லை. நல்லவேளை, நரம்பு தப்பியிருந்தது. இன்றைக்குப் பூசிச் சரிசெய்துவிட்டுப் பிறகு பல்லுக்கு மேல் நிரந்தர உறை போடலாம் என்று சொல்லி, உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே பஞ்சுருளைகளை அடுக்கினாள். வலித்தால் இடது கையைத் தூக்கச் சொன்னாள்.

நாற்காலிக்கு நேர் மேலே, படுத்திருப்பவர்கள் பார்ப்பதற்காகக் கூரையில் ஒரு டிவி உண்டு. அதில் ‘மேகத் துறை’யைப் போட்டாள். அவன் கண்கள் அகல விரிந்தன. பயம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பேச்சுக் கொடுத்தாள். பேச்சு என்றால் ஒருவழிப் பேச்சு.

“பழசு பார்த்திருக்கீங்களா? அதுல மழையைக் கையால வரைஞ்சிருப்பாங்க. ஒவ்வொரு கோடும் கொஞ்சம் கோணலா... பார்த்தாலே குளிரும். இதுல பாருங்க, குழாயைத் திறந்து விட்ட மாதிரி ஊத்துது.”

“ம்ம்...”

“விளக்குக்காரி கண்ணு, பழசுல ஒரு கருப்பு மணி, ஒரு வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதான். அந்த ஒத்தப் புள்ளியிலேயே ஏக்கம் தெரியும். இப்ப என்னடான்னா கண்ணுக்குள்ள நகைக்கடையே வச்சிருக்காங்க.”

அவன் வயிறு குலுங்கியது. சிரிக்கிறான். ஆடாதீங்க என்று அதட்டினாலும் அவளுக்கு உள்ளுக்குள் குஷிதான். சிரிக்கும்போது அந்தக் கண்ணோரம் சுருங்குகிற அழகைக் கவனிக்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

“எல்லாத்தையும் பொறுத்துக்கலாம்... இந்தப் படகோட்டி குரலை மட்டும் முடியலை. பஞ்சு மெத்தைக்குள்ள படுத்துக்கிட்டுப் பேசற மாதிரி. இவனை நம்பி யார் படகுல ஏறுவா?”

இடது கை மெல்ல உயர்ந்தது.

“வலிக்குதா?”

இல்லை என்று தலையசைத்தான். கை இறங்கியது. அவள் விட்டாளா? பழைய குரல் எப்படிக் கரகரவென்று நெஞ்சில் இறங்கும், இது எப்படி வழுக்கிக்கொண்டு போகிறது என்று, பூசிய பல்லை நீல விளக்கு வைத்து இறுக்கும் வரைக்கும் நீட்டி முழக்கினாள். கை இன்னும் இரண்டு தடவை உயர்ந்தது. இரண்டு தடவையும் வலியில்லை.

கடைசியில் பஞ்சை எடுத்துவிட்டு, ஏதாவது பேசிப் பார்க்கச் சொன்னாள்.

கூரையில் படகோட்டி, நடுங்கும் ஒரு முதியவரைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தான். “பயப்படாதீங்க. மேகம் கலையறப்ப வழி தெரியும்,” என்றான். அதே நொடியில் நாற்காலியில் இருந்தவனும் அதையே சொன்னான். அதே ஏற்றம், அதே இறக்கம், அதே மூச்சு... மேலே ஒன்று, கீழே ஒன்றாக ஒரே குரல்.

அவள் கையிலிருந்த பல் பார்க்கும் கண்ணாடி நழுவித் தட்டில் விழுந்தது.

“அந்தப் பஞ்சு மெத்தை நான்தான் டாக்டர்,” என்று எழுந்து உட்கார்ந்தான். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. மரியாதையாகச் சொன்னான். மரியாதையாகவே நன்றி சொன்னான். வெளியே போய், அடுத்த முறை பெரிய டாக்டரைப் பார்க்க முடியுமா என்று அக்காவிடம் கேட்டது அவள் காதில் விழுந்தது. குடைகூட இல்லாமல் மழையில் இறங்கிப் போய்விட்டான்.

முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே... எப்படிச் சொல்வான்? வாய் நிறையப் பஞ்சு. அடைத்தது யார்?

அதற்குப் பிறகு வீட்டில் நிம்மதி போயிற்று. அப்பாவுக்குப் புது ‘மேகத் துறை’ என்றால் உயிர். பழசை அவர் பார்த்ததே இல்லை. படகோட்டியே தன் நாற்காலியில் வந்து படுத்ததில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அளவெடுத்ததும் அவர்தான், உறைக்கு நிறம் பார்த்ததும் அவர்தான். சாப்பிடும்போதெல்லாம் தம்பி புராணம். சண்டைக் காட்சிக்குக் குரல் கொடுக்கையில் ஆவேசத்தில் மைக் கம்பிமேலேயே பாய்ந்துவிட்டானாம். இன்னும் கடைசிப் பாகம்தான் பாக்கியாம். பழசில் பேசாமல் போன படகோட்டி இதில் மனசைத் திறந்து பேசப்போகிறானாம். குறிப்பிட்ட நாளில் பல் சரியாக இல்லையென்றால் வேறு ஆளை வைத்து அந்தக் காட்சியை முடித்துவிடுவதாக ஸ்டுடியோவில் சொல்லிவிட்டார்களாம். நாலு வருஷமாகக் கூட்டத்தில் ஒருவனாகக் கூச்சல் போட்ட பிறகு கிடைத்த முதல் கதாநாயகன் வேஷமாம்... அவள் கேட்காதது போலத் தண்ணீர் குடித்தாள்.

ஒரு மாலை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பழசையும் புதுசையும் ஒரே காட்சியாக மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். குற்றம் கண்டுபிடிக்கத்தான். ஆள் யாருமற்ற படகில் படகோட்டி தனக்குத்தானே பேசிக்கொள்கிற இடம். பழைய குரலில் பயமே இல்லை, பாறை மாதிரி. புதுக் குரலில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒரு சின்ன மூச்சு... பயந்துகொண்டே தைரியமாக இருப்பவனின் மூச்சு. இத்தனை வாரமாக இது எப்படிக் காதில் விழாமல் போயிற்று? அவள் தேடியது பழைய குரலை அல்ல, அந்தக் குரலைக் கேட்டு விடுதியில் அழுத சிறுபெண்ணை, பழைய தன்னை. அந்தச் சிறுபெண் திரும்பி வரவில்லை என்ற கோபத்தை, ஊர் பேர் தெரியாத ஒருவன் தலையில் கொட்டியிருக்கிறாள். இது புரிந்ததும் அவளுக்கு அழுகை வந்தது. அழுது முடித்து அந்தக் காட்சியை மறுபடியும் போட்டாள்.

போய் அவனிடம் சொல்லிவிடலாம். ஆனால் ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே... என்னை வேண்டாம்னு சொல்லிட்டுப் போனவர்தானே?

உறை வந்து சேர்ந்தது. மறுநாள் காலை ஒலிப்பதிவு. சாயங்காலம் அவன் வந்து அப்பாவின் நாற்காலியில் படுத்தான். இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவே ஒரு தடுப்புதான். இந்தப் பக்கம் அவள் காலியான நாற்காலியைத் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

அப்பா உறையை வைத்துப் பார்த்து, முத்து மாதிரி இருக்கு தம்பி, ஏதாவது சொல்லுங்க என்றார்.

“ரொம்ப சந்தோஷம் சார். ஸ்டுடியோல சொல்லிடறேன்.”

அவள் கை நின்றது. விசில். ஒவ்வொரு ‘ச’விலும், ‘ஸ’விலும் ஊசி முனை மாதிரி மெல்லிய ஒரு விசில். அப்பாவுக்குக் கேட்கவில்லை. சில வருஷங்களாகவே அழைப்பு மணியின் கீச்சொலிகூட அவருக்குக் கேட்பதில்லை. அதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம், ஒட்டுவதற்குப் பசை கலக்கும் சத்தம் கேட்டது. ஒட்டிவிட்டால் எடுப்பது கஷ்டம். நாளைக்கு மைக் அந்த விசிலை விடாது.

சொன்னால் அப்பாவின் வேலையில், அதுவும் ஆள் முன்னால், குறை சொன்னதாகும். முப்பது வருஷத்தில் அதை யாரும் செய்ததில்லை. அவனுக்கோ... மறுபடியும் என் குரலில் குற்றம் கண்டுபிடிக்க வந்துவிட்டாள் என்றுதான் இருக்கும். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் மனஸ்தாபம் இல்லை. அவன் காட்சிதான் போகும்.

தடுப்பைச் சுற்றிக்கொண்டு போனாள்.

“அப்பா, ஒட்டாதீங்க. விசில் வருது.”

பெரிய டாக்டரின் முகம் சுருங்கிவிட்டது. இன்னொரு தரம் சொல்லுங்க தம்பி என்றார். சொன்னான். காதைக் கிட்டே கொண்டுபோனார். தனக்கு ஒன்றும் கேட்கவில்லையே என்று மகளைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார். அவன் தயங்கினான்.

“எனக்கும் கேட்டுச்சு சார். உங்க மனசு கஷ்டப்படுமேன்னு...”

அப்பா கலக்கிய பசையைப் பார்த்தார். பிறகு அதைக் குப்பையில் வழித்துப் போட்டார்.

“கெட்டிக்காரியைத்தான் பெத்திருக்கேன். என் காது இனிமே சாட்சிக்கு ஆகாது. நீயே பாரும்மா,” என்று தன் முக்காலியிலிருந்து எழுந்து, அக்காவிடம் டீ கேட்கப் போய்விட்டார்.

அவள் உட்கார்ந்தாள். உறையைக் கழற்றி, பின்பக்கத்தை ஒரு மயிரிழை தேய்த்து, மறுபடி வைத்து, பேசச் சொல்லிக் கேட்டாள். விசில் கொஞ்சம் குறைந்தது. மறுபடி தேய்த்தாள். நாளைக்குப் பேசப்போகிற வசனத்தையே சொல்லிப் பார்க்கச் சொன்னாள். அவன் கூரையைப் பார்த்தபடி சொன்னான்.

“சொல்லாமப் போயிடலாம்னுதான் துடுப்பை எடுத்தேன். முடியலை. உன் விளக்கு எனக்கு வழி காட்டலை... அதுதான் நான் வர வேண்டிய இடம்.”

“இந்த வசனம் நல்லாதான் இருக்கு,” என்றாள், பல்லைப் பார்த்தபடி.

“பழசுல சொல்லாமப் போனதுதான் அழகுங்கறது உங்க கட்சின்னு நினைச்சேன்.”

“பார்க்கறவங்களுக்கு அழகு. பாறை மேல நின்னவளுக்கு?”

 தானும் பழசைப் பார்த்துத்தான் இந்தத் தொழிலுக்கு வந்ததாக அவன் சொன்னான். அந்தப் பழைய குரல் அவனுக்கு மனப்பாடமாகத் தெரியுமாம். அதனால்தான் மைக் முன்னால் நிற்கும்போதெல்லாம் அது வந்து தொண்டையில் உட்கார்ந்துகொள்கிறதாம். அதைத் தள்ளிவிட்டுத் தன் குரலில் பேசுவதற்குள் உயிர் போய் உயிர் வருகிறதாம். அன்றைக்கு அவள் திட்டியதெல்லாம் அவனே தன்னைத் திட்டிக்கொள்வதுதானாம்.

அவள் கருவியைத் தட்டில் வைத்தாள். மாஸ்க்கைக் கழற்றினாள். முழு முகமாக அவன் அவளைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

“நான் சொன்னது தப்பு. அந்தக் காலிப் படகுக் காட்சியில அழுதேன். ஒரு தடவை இல்ல, திரும்பத் திரும்பப் போட்டு அழுதேன். பஞ்சு மெத்தைன்னு சொன்ன வாயாலதான் சொல்றேன்... பழைய படகோட்டியை நான் தூரத்துல நின்னு பார்த்துக்கிட்டே இருந்திருப்பேன். உங்க படகா இருந்தா ஏறியிருப்பேன்.”

அவன் மெல்ல எழுந்து உட்கார்ந்தான். கண்ணோரம் சுருங்கியது.

“அதே வசனத்தை இன்னொரு தடவை சொல்லுங்க,” என்றாள்.

“இன்னும் விசில் வருதா?”

“இல்ல. எப்பவோ நின்னுபோச்சு.”

“பின்ன எதுக்கு?”

அவளுக்குக் காது மடல் வரை சூடேறியது... இருந்தாலும் கண்ணை எடுக்கவில்லை.

“எனக்காக.”

அவன் ஒரு சின்ன மூச்சு எடுத்தான்.

“டைரக்டர் தினமும் திட்டறார். எழுதினதைப் படிக்கற, யாரையும் பார்த்துச் சொல்லலைங்கறார். யாராவது இருந்தாத்தானே பார்க்கறதுக்கு...” என்றான். பிறகு அவன் குரல் தணிந்துவிட்டது. “அன்னைக்கு மழையில உங்க கண்ணை மட்டும் பார்த்துட்டுப் போனேன். ரோஷத்துல அப்பாகிட்ட மாத்திக்கிட்டேன். ஆனா ஒவ்வொரு தடவையும் அந்தத் தடுப்புக்கு இந்தப் பக்கம் படுத்துக்கிட்டு, நீங்க நடக்கற சத்தத்தைத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. இதை யாரும் எழுதிக் கொடுக்கலை.”