ஆச்சிப்பிள்ளையின் முழங்கால்

தன்னாமுனையில் வாவிக் கரையோரம் இருந்த அந்த முதியோர் இல்லத்துக்கு நிருஷா போய்ச் சேர்ந்தது மத்தியானத்தில்தான். ஆனாலும் மாரி வானம் கறுத்து, விளக்கு வைக்கும் பொழுதுபோல் இருந்தது. கல்லடி வீட்டைச் சுனாமி கொண்டுபோன கையோடு அப்பாவை இங்கே விட்டுவிட்டு, வன்னியில் இருந்த கணவனிடம் போனவள் அவள். போன பாதையைப் போர் அடைத்துவிட்டது. சண்டை ஓய்ந்து, அகதி முகாமிலிருந்தும் வெளியே விட்டு, இப்போதுதான் தனியாளாக வருகிறாள். அப்பாவை வீட்டுக்குக் கூட்டிப்போகவேண்டும். அவர் வாயால் 'மகள்' என்று ஒருதரம் கேட்கவேண்டும். வேறொன்றும் அவளுக்கு வேண்டியதில்லை.

கட்டிலில் கிடந்தவரை அவளுக்கு அடையாளமே தெரியவில்லை. வாவியில் வீச்சுவலை எறிந்த அப்பா இளையதம்பியா இவர்? முழங்கால்கள் நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தன. பொத்திய கைக்குள் நகம் வளர்ந்து, உள்ளங்கையைக் குத்திப் புண்ணாக்கி, நாறியது. அவளைப் பார்த்தார். பேசவில்லை.

"சுனாமித் தண்ணி குடிச்ச உடம்பு புள்ள. கடல் குளிர் நரம்பில ஏறிட்டு," என்றார் மேற்பார்வை பார்க்கும் கோணாமலை. "இழுத்து நீட்டினா உயிர் போயிரும். அதான் நாங்க தொடுறல்ல."

கடலாம், குளிராம்! கட்டிப்போட்ட மாடாவது எழும்பிக் கால் மாற்றும். மனிதரைத் திருப்பிப் படுக்கவைக்காமல், கைகாலை நீட்டி மடக்கிவிடாமல் வருடக்கணக்காய்ப் போட்டுவிட்டு, பழியைக் கடலின் தலையில் போடுகிறார்கள். அந்த அறையில் எல்லாருமே இறால்போலச் சுருண்டுதான் கிடந்தார்கள். எல்லாருமா கடல்தண்ணீர் குடித்தார்கள்?

நிருஷாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டைபிடிக்க இதுவா நேரம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். வாகனம் வரும்வரை கட்டிலோரத்தில் இருந்து, தேங்காயெண்ணெய் தடவி, அப்பாவின் சின்னவிரலை மெல்ல விரிக்கத் தொடங்கினாள்.

மழை பிடித்துக்கொண்டது. அறை இன்னும் இருண்டது.

முதுகுப்பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு குரல்.

"எனக்கும் காலை நீட்டி விடுகா புள்ள."

"பொறுங்கம்மா," என்றாள் திரும்பாமலே. "அப்பாட முடியட்டும். உங்களுக்கும் கட்டாயம் செய்வன்."

"மறந்திராத."

கற்பூர வாடை அடித்தது. அவள் திரும்பினாள்.

வெறும் இரும்புக் கட்டில். மெத்தைகூட இல்லை.

மாற்றுத்துணி கொண்டுவந்த, அங்கே வேலைசெய்யும் பறங்கிப் பெண் மவுறீன், நிருஷாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள். சிலுவை போட்டுக்கொண்டாள்.

"உங்களுக்கும் கேட்டிச்சா? அது ஆச்சிப்பிள்ளை அம்மா. மாசியில செத்தவ." குரலைத் தாழ்த்தினாள். "பிரேதத்தப் பெட்டியில நீட்டி வளத்தி, கால் பெருவிரல் ரெண்டையும் சேத்துக் கட்டணுமே. கால் நீளல்ல. கோணாமலை அண்ணன் முழங்காலில ஏறி மிதிச்சார்."

"பிறகு?"

"எலும்பு முறிஞ்ச சத்தம் கேட்டிச்சி. அதுக்குப் பிறகும் நீளல்ல. மடங்கினபடியேதான் போனா. விரல் கட்டாமப் போனவ, எங்க போவா?"

நிருஷா அந்த வெறுங்கட்டிலைப் பார்த்தாள். வாக்குக் கொடுத்தாயிற்றே! அப்பாவை அள்ளிக்கொண்டு வாகனத்தில் ஏறியவள், கல்லடிப் பாலம் தாண்டும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

சுனாமிக்குப் பிறகு புதிதாகக் கட்டிக்கொடுத்த சின்ன வீட்டில் அன்றாடம் எண்ணெயும் சுடுதண்ணீர் ஒத்தடமுமாக மல்லுக்கட்டினாள். அப்பா நோவில் முனகுவார், அவளும் சேர்ந்து அழுவாள், விடமாட்டாள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது சும்மாவா? விரல்கள் விரிந்தன. கால்களும் பாதிக்கு நீண்டன. வாய் மட்டும் திறக்கவில்லை. விட்டுவிட்டுப் போனாளே என்ற கோபமா?

அன்றும் மழை மூட்டம். கட்டில் விளிம்பில் இருந்து, ஜன்னலால் கடலைப் பார்த்தபடி, மடியில் கிடந்த முழங்காலை நீவிக்கொண்டிருந்தாள்.

குளிர்ந்து கிடந்தது. எவ்வளவு தேய்த்தும் சூடேறவில்லை.

தோலுக்குக் கீழே எலும்பு துண்டு துண்டாக அசைந்தது.

"மகள்."

அப்பாவின் குரல்! கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. "என்னப்பா? சொல்லுங்கப்பா!"

அவர் சுவரோடு ஒண்டி, தன் இரண்டு கால்களையும் போர்வைக்குள் இழுத்து வைத்திருந்தார்.

"அது என்ட கால் இல்ல மகள்."

அவள் மடியில், இரண்டாவது முழங்காலும் மெல்ல ஏறியது.