முலாம்பழம் இல்லாத தட்டு

"தட்டத் தூக்கிட்டுக் கெளம்பு யுல்துஸ், பொழுது சாயறதுக்குள்ள மடத்துல—"

"போகலன்னு சொல்றேன்ல, அந்த வாடையே எனக்கு—"

"எந்த வாடைடி?"

"முலாம்பழ வாடைக்கா! கொடலப் பெரட்டுது."

"தோலோட தின்னு வளந்தவ நீ. இப்பத்தான் பெரிய எடத்து மருமகளுக்குக் கொடலப் பெரட்டுதாக்கும்."

சொல்லிவிட்டுத்தான் குமுஷ் தட்டைப் பார்த்தாள். வெள்ளரிக்காய் இருந்தது, ரொட்டி இருந்தது, ஒரு கொத்துத் திராட்சை இருந்தது. முலாம்பழம் இல்லை. ஆனால் வாடை இருந்தது. பாலைவன நகரமான கோச்சோவின் கோடைக்குப் பயந்து ஊரே பகலில் மண்ணுக்கடியில் ஒடுங்கிக் கிடக்கும் நேரம் அது. அந்த நிலவறையின் ஈர மண்ணையும் பழைய வைக்கோலையும் எண்ணெய் விளக்கின் புகைநெடியையும் மீறிக்கொண்டு, கனிந்து வெடித்த பழத்தின் தித்திப்பு எங்கிருந்தோ மெல்ல மெல்ல வந்து மூக்கில் ஏறிற்று.

அந்த வாடையை அவளால் மறக்க முடியாது. போன இலையுதிர் காலத்தில் காய்ச்சலில் போன மகன் ஓஸ்மிஷைப் புதைத்த இடத்தில், குளிர் விட்டதும் அவள் கையாலேயே விதை ஊன்றினாள். ஊன்றச் சொன்னவன் தார்து. அவள் புருஷனாக இருந்து, துறவியாகி வெள்ளுடை வாங்கிக்கொண்டு மடத்துக்குப் போனவன். குழியோரத்தில் நின்று சொன்னான்: "அழாதே. பிள்ளைக்குள்ள இருந்த ஒளி மண்ணுல எறங்கிருக்கு. கொடி அத உறிஞ்சும், காய் வாங்கிக்கும். அந்தப் பழத்த என் வாயால தின்னு, என் வயித்தால பிரிச்சு, நெலாவுக்கு ஏத்தி விட்டுடறேன். அப்புறம் அவன் பொறக்கவே வேண்டாம்."

கொடியில் ஒரே ஒரு பழம்தான் நின்றது. வெள்ளுடையார் எதையும் பறிக்கக் கூடாது, அறுக்கக் கூடாது. அந்தப் பாவத்தை அவளைப் போன்ற எளிய அடியார்கள்தான் சுமக்க வேண்டும். கோடை தொடங்கியபோது காம்பை அவளே அறுத்தாள். மனைவியாக இருந்தவள் மடத்து வாசலை மிதிக்கக் கூடாது என்பதால், தட்டைச் சுமந்து போனவள் யுல்துஸ். அன்று மாலை குமுஷ் கூரையில் ஏறி நிலாவைப் பார்த்துக் கும்பிட்டாள். மகன் கரையேறிவிட்டான். அந்த ஒரு நினைப்பில்தான் இத்தனை நாளும் அவள் சோறு தின்றாள்.

டொக்.

பானையில் நீர் சொட்டுகிறதோ என்று நினைத்தாள். பானையருகே போய்க் குனிந்தாள். நீர் அசையாமல் கிடந்தது. சுவரில் காதை வைத்தாள். மண் குளிர்ந்திருந்தது, பேசாமல் இருந்தது.

டொக். டொக்.

யாரோ நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி விடுகிற சத்தம். ஒட்டகக்காரர்களைப் பார்த்துவிட்டு ஓஸ்மிஷ் நாள் முழுக்க அப்படித்தான் நாக்கைத் தட்டிக்கொண்டு திரிவான்.

"நீயாடி பண்ற?"

"என்னத்தக்கா?" யுல்துஸ் சுவரைப் பார்த்தபடி சுருண்டு கிடந்தாள். வாய் மூடியிருந்தது. "எனக்கு முடியல. காலைலேர்ந்து மூணு தடவ வாந்தி. அத்தான்கிட்ட சொல்லி—"

நிறுத்திக்கொண்டாள்.

"அத்தானா?" குமுஷின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "பெரியவர்னுல்ல சொல்லணும். எப்பலேர்ந்துடி அவரு மறுபடி அத்தான் ஆனாரு?"

குமுஷ் கட்டிலருகே மண்டியிட்டாள். தங்கையின் தோளைப் பிடித்துத் திருப்பினாள். வயிறு ஒட்டித்தான் இருந்தது, ஒன்றும் தெரியவில்லை. காதை அதன்மேல் வைத்தாள்.

டொக்.

"என்னைக்கி?"

"அக்கா, வேண்டாம்—"

"என்னைக்கின்னு கேட்டேன்."

"பழம் கொண்டுபோனேன்ல… அன்னைக்கித்தான். தின்னு முடிச்சுட்டு, கைய அலம்ப தண்ணி ஊத்தச் சொன்னாரு." யுல்துஸ் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "வெள்ளுடையாருங்க திங்கறதுக்கு முன்னாடி ரொட்டிகிட்ட சொல்லுவாங்கள்ல, 'நான் உன்ன அறுக்கல, வேற யாரோ அறுத்தாங்க, என்மேல குத்தமில்ல'ன்னு? எல்லாம் முடிஞ்சப்புறம் என்னப் பாத்து அதையே சொன்னாருக்கா. அச்சு அசலா அதே வார்த்த. சொல்லிட்டு வாயத் தொடச்சுக்கிட்டாரு."

விரதம் காத்த வயிற்றுக்குள் போன ஒளி மேலே ஏறும். விரதம் கெட்ட உடம்புக்குள் போனால் கீழே இறங்கும். விந்தாகும். கருவாகும். எலும்பும் தோலும் போட்டுக்கொண்டு மறுபடி சிறைப்படும். நடக்கப் பழகும் வயதிலேயே இது அவர்கள் நெறியில் எல்லாருக்கும் சொல்லித் தரப்படுவது.

நிலாவில் யாரும் இல்லை. அவள் கும்பிட்ட அன்றும் இல்லை.

காம்பை அறுத்தவள் அவள். தட்டை அடுக்கியவளும் அவள்.

விளக்கு சுருங்கியது. வாடை தொண்டை வரை வந்தது. யுல்துஸ் மூச்சை அடக்கிக்கொண்டாள். அவளுக்கும் இப்போது கேட்டது. அவள் வயிற்றை அவளே வெறித்துப் பார்த்தாள்.

"ஓஸ்மிஷ்," என்றாள் குமுஷ்.

சத்தம் நின்றது.

"ஓஸ்மிஷ்… கண்ணு…"

உள்ளே ஏதோ புரண்டது. வயிற்றின்மேல் இருந்த குமுஷின் கன்னத்தில் பட்டது. சின்னது. சூடானது. பிறகு குரல் வந்தது. காய்ச்சலுக்கு முந்தைய குரல், அதே மழலை. அது குமுஷின் காதுப் பக்கம் வரவில்லை. மேலே, யுல்துஸின் முகத்தை நோக்கிப் போயிற்று.

"அம்மா, வெளிய யாரோ என்னக் கூப்பிடுறாங்க. யாரும்மா அது?"