ஆர்ட்கல் ராஜாவின் ரத்த உறவுகள்

ரத்த உறவைச் சோதிக்கும் வேர்காட்டியின் விளக்கு ஒரு வீட்டில் சிவப்பாக எரிந்தால் அந்த வீட்டுக்குத் தண்ணீரும் வெப்பமும் நின்றுவிடும். அடுத்த படகில் ஏறவேண்டியதுதான். ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலிலிருக்கும் ஃபைலின் தீவில் இதுதான் புதுச் சட்டம். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் பிள்ளையில்லாமல் செத்த ஆர்ட்கல் ராஜாவின் ரத்த உறவுகளுக்கே தீவு சொந்தம்.

யார் உறவு என்பதில்தான் அடிதடி. வடகரையார் ஆர்ட்கலை, அவருக்கு முன் ஆண்ட பழைய ராஜாவின் மகன், தங்கள் குலம் என்றார்கள். தென்கரையாரோ, அவர் அரியணையைப் பறித்தவர், ஆனாலும் தங்கள் ரத்தம் என்றார்கள். கல்லறை அகப்பட்டதும், எலும்பே சொல்லட்டும் என்று இரு கரையாரும் சட்டத்துக்குக் கை தூக்கினார்கள். முதலில் தூக்கியவர் வடகரைத் தலைவர் லாக்லன்.

வேர்காட்டியை இயக்குபவள் அவர் மனைவி சுகிர்தா, யாழ்ப்பாணத்து வம்சம். மணமுடித்து வந்தவர்களுக்கு விலக்கு உண்டு. வளர்ப்புப் பிள்ளைகளுக்கு இல்லை. அவர்களுடைய சின்ன ஐலா வளர்ப்புப் பிள்ளை.

"இஞ்சருங்கோ, கை தூக்கேக்க பிள்ளையின்ர ஞாபகம் வரேல்லையோ?"

"வெண்டவுடன சட்டத்தை மாத்திப்போடலாம், சுகி. மாத்திற உரிமை ரத்த உறவுக்குத்தானே," என்றார் லாக்லன். அவளோடு வாழ்ந்து அவருக்கும் அவள் தமிழே படிந்துவிட்டது.

"பிள்ளை போனா நானும் போவன். சொல்லிப்போட்டன்."

அவள் ராஜாவின் பல்லையும் எலும்புத் துகளையும் கருவியில் வைத்தாள். தீவுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர் என்றது பல். இங்குள்ள எவரோடும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்றது எலும்பு.

சுகிர்தாவுக்கு விளங்கிவிட்டது. பிள்ளையை இன்னொரு வீட்டில் வளர்க்கக் கொடுப்பது இத்தீவுகளில் வாழ்ந்த அக்காலக் கேலியரின் வழக்கம். கடல் கடந்து வந்த பிள்ளையைப் பழைய ராஜா வளர்த்து, அரியணையிலும் ஏற்றியிருக்கிறார்.

"வளர்ப்புப் பிள்ளையப்பா, உங்கட ராஜா," என்றாள் அவள்.

ஐயோ, இதெல்லாம் வேர்காட்டிக்கு எங்கே புரியும்? வடகரையெங்கும் சிவப்பு. தென்கரையெங்கும் சிவப்பு. நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? சட்டத்தை மாற்ற ஒரு ரத்த உறவாவது வேண்டும். ஒருவரும் இல்லை.

படகுத்துறையில் இரு கரையாரும் மூட்டைகளோடு நின்றார்கள். ஐலா லாக்லனின் விரலைப் பிடித்தாள்.

"அப்பா, நீங்களும் என்னோட வாறியளோ?"

"ஓம் குஞ்சு, வாறன்." அவளைத் தூக்கிக்கொண்டு அழுதார்.

படகு விலகியபோது தீவில் ஒரே ஒரு பச்சை விளக்குத்தான் எரிந்தது. ஆர்ட்கல் ராஜாவின் கல்லறைக்குத் தண்ணீரும் வெப்பமும் தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தன.