வெயில் வந்தால் நிற்கும் கார்

அக்கரப்பத்தனையில் பாதி வருடம் மழை, மீதியில் பனிமூட்டம். அதனால் அங்கே எல்லாவற்றுக்கும் பொலித்தீன்தான். விறகுக்குப் பொலித்தீன், புத்தகப்பைக்குப் பொலித்தீன், சைக்கிள் இருக்கைக்கும் பொலித்தீன். வினோதாவின் அப்பா சிவசாமி மட்டும் சும்மா இருப்பாரா? தன் பழைய வாடகைக் காரின் பெற்றோல் தாங்கியின் மூடி தொலைந்ததும், அதன் வாயைப் பொலித்தீனால் மூடி, ரப்பர் பட்டியால் இறுக்கிக் கட்டிவிட்டார். நாலு மாதமாக ஒரு சொட்டு மழையும் உள்ளே போகவில்லை.

ஆனால் இப்போது மார்ச் மாதம். மலையிலும் வெயில் கொளுத்தியது. வெயில் வந்த நாளிலிருந்து கார் ஓடும்போதே நின்று நின்று போனது.

அன்று ஹட்டனில் இரண்டு மணிக்குப் பொது அறிவுப் போட்டி. வினோதாவும் அவள் வகுப்பு தனுஷனும் போட்டியாளர்கள். கூட வந்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து படிப்பிக்கும் கேதீஸ்வரி மிஸ். பாடசாலை அப்பாவின் காரைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. அப்பா விடியற்காலையிலேயே காரைக் கழுவித் துடைத்திருந்தார்.

லிந்துலை தாண்டியதும் கார் நின்றது. அப்பா முன்பக்க மூடியைத் தூக்கி என்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றினார். பின்னால் போய்ப் பொலித்தீனை அவிழ்த்து, ஒரு குச்சியை விட்டுப் பெற்றோல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பக் கட்டினார். கார் புறப்பட்டது. தலவாக்கலைக்கு அப்பால் மறுபடியும் அதே கதை. பழைய வண்டி, வெயில் தாங்கவில்லை என்று அப்பா சமாளித்தார்.

கொட்டகலைக்கு முன்னால் மூன்றாவது தடவையும் நின்றது. பெற்றோல் இருப்பதுதான் தெரியுமே என்று அப்பா தண்ணீர் மட்டும் ஊற்றினார். கால் மணி நேரம் காத்திருந்தும் கார் முனகியதே தவிர அசையவில்லை.

மிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அண்ணை, பஸ் வந்தால் நாங்கள் ஏறிப் போறம். பிள்ளையளுக்கு நேரம் போகுது."

அப்பா யார் முகத்தையும் பார்க்காமல் தலையாட்டினார். வினோதாவுக்கு அழுகை முட்டியது. பஸ்ஸில் போனால் போட்டிக்குப் போய்விடலாம். ஆனால் அப்பா இங்கே தனியாக நிற்பார். இனி இந்தக் காரைப் பாடசாலை கூப்பிடவே கூப்பிடாது.

அழுது என்ன பயன்? அவள் நடந்ததை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். மூன்று தடவையும் அப்பா தண்ணீர் ஊற்றினார். முதல் இரண்டு தடவை பொலித்தீனையும் அவிழ்த்தார். இந்தத் தடவை அவிழ்க்கவில்லை.

ஓடிப்போய்ப் பார்த்தாள். பொலித்தீன் கிண்ணம் மாதிரி உள்ளே குழிந்திருந்தது. பக்கத்தில் தனுஷன் பால் பக்கெட்டில் குழாயைக் குத்திக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிக்கொண்டிருந்தான். அந்தப் பக்கெட்டும் ஒட்டிச் சுருங்கிப் போயிருந்தது.

"தனுஷன், அது ஏன் ஒட்டிக்கிச்சு?"

"உள்ள காத்து போகலல்ல," என்றான் அவன், குழாயை விடாமலே.

வினோதா அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, பெற்றோல் குறையக் குறைய உள்ள காத்து போகணும். நீங்க இறுக்கிக் கட்டிட்டீங்க. காத்து போகாம பெற்றோல் எப்படி வரும்?"

இத்தனை நாள் ஓடியதே என்று அப்பா இழுத்தார். அவள் பொலித்தீனைத் தொட்டுக் காட்டினாள். குளிரில் விறைப்பாக நின்று காற்றுக்கு இடுக்கு விட்ட பொலித்தீன், இப்போது வெயிலில் இளகி வாயோடு நன்றாக ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்பா பட்டியை அவிழ்த்தார். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது. சாவியைத் திருப்பினார். இரண்டு தடவை செருமிவிட்டுக் கார் உறுமியது.

மிஸ் தன் சேலையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றித் தந்தார். வினோதா பொலித்தீனில் சின்னதாக ஓர் ஓட்டை போட்டுத் திரும்பக் கட்டினாள்.

"மழ வந்தா?" என்றார் அப்பா.

"மழ வர்றதுக்குள்ள மூடி வாங்கிருங்கப்பா."

அந்த நேரம் பார்த்து ஹட்டன் பஸ் வந்து நின்றது. நடத்துனர், ஏறுங்க ஏறுங்க என்று கதவைத் தட்டினார்.

"நீங்கள் போங்கோ தம்பி," என்றார் மிஸ். "எங்களுக்குக் கார் இருக்கு."

அப்பா நிமிர்ந்து மிஸ்ஸைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார். பஸ் கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் மூன்று பேருக்கும் மூன்று கதவுகளை அவரே திறந்துவிட்டார்.