இஸ்திரி அறையில் எப்போதும் மழை

“ஒரு துணிகூட மாடிக்குப் போகக்கூடாது! மழை வரப்போவுது!” என்றார் மாமா.

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

ஈர ஜெர்சிகள் நிறைந்த வாளியோடு நின்ற கோந்துவுக்கு அழுகையே வந்துவிட்டது. கோந்து என்பது அவளுடைய நிஜப் பெயர் இல்லை. கோல் கீப்பரான அவள் கையில் பந்து ஒட்டிக்கொள்வதால் தோழிகள் வைத்த பெயர். போன ஆட்டத்தில் சேறான ஜெர்சிகளையெல்லாம், “எங்க கடையில துவைச்சுத் தர்றேன்” என்று சொல்லி அவள்தான் வாங்கி வந்திருந்தாள். இன்று மாலை இறுதி ஆட்டம். ஜெர்சி போடாத அணியை நடுவர் மைதானத்துக்குள் விடமாட்டார்.

அம்மாவும் மாமாவும் சேர்ந்து நடத்துவது சலவைக்கடை. போன வாரம் மாமா வானத்தைப் பார்த்து, “சொட்டு மழை வராது” என்று மார்தட்டினார். அன்றைக்கென்று பார்த்து மழை கொட்டித் தீர்த்தது. ஓட்டல்காரரின் வெள்ளை விரிப்புகள் அத்தனையையும் மறுபடி துவைக்க வேண்டியதாயிற்று. அம்மா ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. சும்மா பார்த்தார். மாமாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாளே ஓர் ஈரப்பதமானி வாங்கி வந்துவிட்டார். காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று காட்டும் வட்டமான கருவி அது. முள் இடது பக்கம் போனால் காய்ந்த காற்று. வலது பக்கம் போனால் ஈரக் காற்று. மழை வந்தாலும் வரலாம். எப்போதும் கண்ணெதிரே இருக்கட்டும் என்று அதை இஸ்திரி அறைச் சுவரில் மாட்டினார்.

அன்றிலிருந்து முள் வலது ஓரத்தை விட்டு நகரவே இல்லை. துணிகளெல்லாம் வீட்டுக்குள் தொங்கின. சாப்பிட உட்கார வேண்டுமென்றால் யாருடைய கால்சட்டையையாவது விலக்க வேண்டியிருந்தது.

“மாமா, வெயில் எப்படி அடிக்குது பாருங்க.”

“போன வாரமும் இப்படித்தான் அடிச்சுது. கண்ணை நம்பி ஏமாந்தது போதும். இனிமே முள்ளு சொல்றதுதான்!”

மாமா விறுவிறுவென்று இஸ்திரி அறைக்குள் போனார். அங்கே அம்மா ஓட்டல்காரரின் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இஸ்திரிப்பெட்டி ‘புஸ்’ என்று ஆவி விட்டது. மாமாவின் மூக்குக்கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. அதைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு முள்ளைப் பார்த்தார்.

“பாத்தியா, இன்னும் ஏறியிருக்கு!”

கோந்து முள்ளைப் பார்க்கவில்லை. மறுபடியும் வெள்ளையாகிக்கொண்டிருந்த கண்ணாடியைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

சொல்ல வாயைத் திறந்தாள். ஆனால் வாசலில் ஓட்டல்காரர் நின்றார். பக்கத்தில் அம்மா. எல்லோர் முன்னாலும் சொன்னால் மாமாவின் முகம் தொங்கிவிடும். பாவம், போன வாரம் பட்டதே போதாதா?

“மாமா, துணி காயப்போறது மாடிலதானே? அங்க காத்து எப்படி இருக்குன்னும் இதைக் கேட்டுப் பாக்கலாமா?” என்றாள்.

“அட, கேட்டுட்டாப் போச்சு!”

மாமா கருவியைக் குழந்தைபோலத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வைத்துவிட்டு இருவரும் காத்திருந்தார்கள். முள் மெல்ல மெல்ல இடது பக்கம் நகர்ந்தது.

“கெட்டுப்போச்சா என்ன?” மாமா கருவியைத் தட்டினார். பிறகு தன் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். அது பளிச்சென்று இருந்தது. மாமாவின் வாய் மெதுவாகத் திறந்தது.

“அப்போ இத்தனை நாளா இஸ்திரிப்பெட்டியோட ஆவியைப் பாத்துட்டா மழை மழைன்னேன்?”

கோந்துவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“அம்மாகிட்ட சொல்லிடுவியா?” என்று மாமா கிசுகிசுத்தார்.

“என்னத்தச் சொல்றது? கருவிக்கு மாடிதான் பிடிச்சிருக்குன்னு சொல்லிக்கலாம் மாமா.”

மாமா அவள் தலையை வருடிவிட்டு, ஜெர்சிகளை உதறி உதறிக் கொடியில் போட்டார். வீட்டுக்குள் கிடந்த மற்ற துணிகளும் மேலே வந்தன.

மதியம் கோந்து மாடியில் காவல் இருந்தாள். அதுவரை ஜெர்சிகளை ஆட்டிக்கொண்டிருந்த காற்று திடீரென்று நின்றது. கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து சில்லென்று வீசியது. முள் வலது பக்கம் ஏறத் தொடங்கியது. காற்று வந்த திசையில் கறுப்பு மேகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக எழும்பின.

ஜெர்சிகளைத் தொட்டுப் பார்த்தாள். காலர் மட்டும் இன்னும் லேசாக ஈரம்.

“மாமா, ஓடி வாங்க! எல்லாத்தையும் எடுத்துடலாம்!”

“வெயில் இன்னும் இருக்கே. முள்ளு என்ன சொல்லுது?”

“முள்ளும் ஏறுது, காத்தும் திசை மாறிடுச்சு, அங்க மேகத்தையும் பாருங்க! மூணும் ஒண்ணையேதான் சொல்லுது. காலரைத் தேய்ச்சுக் காயவெச்சுக்கலாம்.”

மாமா பார்த்தார். அடுத்த நொடி, “அக்கா!” என்று அவர் போட்ட கூச்சலில் தெருவே திரும்பிப் பார்த்தது. அம்மா ஓடி வந்தார். சட்டை வாங்க வந்து அரட்டையில் உட்கார்ந்துவிட்ட ஓட்டல்காரரும் ஓடி வந்தார். கடைசித் தலையணை உறையை அவர் தலையில் போட்டுக்கொண்டு படி இறங்கியதும், மழை சடசடவென்று கொட்டியது.

அம்மா மாமாவைப் பார்த்தார். இந்த முறை வேறு மாதிரி பார்வை. மாமா இரண்டு சுற்றுப் பெருத்ததுபோல நின்றார்.

“என்னைப் பாக்காதக்கா. இவதான் பாத்துச் சொன்னா” என்றார்.

மாலையில் மழை தூறலாகியிருந்தது. தேய்த்த சூடு ஆறாத ஜெர்சிகளைப் போட்டுக்கொண்டு அணி வரிசையாக நின்றது. நடுவர் தலையாட்டினார். விசில் ஒலித்தது.

மைதானம் முழுக்கச் சேறு. எதிரணிப் பெண் உதைத்த பந்து வலையின் மூலையை நோக்கிப் பறந்து வந்தது. கோந்து பக்கவாட்டில் பாய்ந்தாள்.

“ஐயோ, இப்பதானே தேய்ச்சோம்!” என்று வலைக்குப் பின்னாலிருந்து மாமா அலறினார்.

தலை முதல் கால் வரை சேற்றோடு கோந்து எழுந்தாள். அவள் தட்டிவிட்ட பந்து வலைக்கு வெளியே கிடந்தது.