உப்புமூட்டை

எல்லாவற்றையும் இறக்கிய பிறகும் படகின் பாரம் குறையவில்லை. கம்பம், பாய், நங்கூரம், ஊறிப்போன மெத்தை என அந்தப் பழைய பாய்மரப் படகிலிருந்த அத்தனையையும் கொட்டகையில் அடுக்கியாகிவிட்டது. ஆனாலும் படகைத் தாங்கிய டிரெய்லரின் ஸ்பிரிங் பட்டைகள் தட்டையாகவே கிடந்தன. டயர்கள் பிதுங்கியே நின்றன.

அண்ணன் இறந்துபோனதிலிருந்து அவனுக்கு எதுவும் உறைப்பதில்லை. கைக்கு வேலை இருக்கட்டுமே என்று மனைவிதான் படகை வாங்கச் சொன்னாள். உப்புத்தாள் தேய்த்து விரல்நுனி கிழிந்ததைக்கூட, வெள்ளைப் பலகையில் சிவப்புத் தடம் பார்த்த பிறகே தெரிந்துகொண்டான்.

துருவேறிய அச்சை மாற்ற வந்த வெல்டர் ஜாக்கியை முட்டுக்கொடுத்துச் சுற்றினார். டிரெய்லர் எழவில்லை. ஜாக்கிதான் மண்ணுக்குள் இறங்கியது.

"உள்ள மாமியாரை உக்கார வச்சிருக்கீங்களா சார்?"

"நேத்தே காலி பண்ணிட்டேனே."

வெல்டர் படகின் வயிற்றில் காது வைத்தார். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"பெரிய ஜாக்கி கொண்டாரேன்," என்று சொல்லிவிட்டு, கருவிப் பையைக்கூட எடுக்காமல் கிளம்பினார்.

பயப்பட வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது, பயம்தான் வரவில்லை. ஏணியில் ஏறிப் பார்த்தான். படகறை வெறுமையாக இருந்தது. ஈரத்துணியைப் பல நாள் மூடி வைத்த வாடை. பின்னாலேயே ஏறி வந்த நாலு வயது மகள் உள்ளே சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, இது என் வீடு."

விளையாடட்டும் என்று விட்டுவிட்டு, இறங்கி டிரெய்லருக்கு அடியில் படுத்துத் துருவைச் சுரண்டத் தொடங்கினான். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. துருத்தூள் இமையில் விழுந்தது. முகத்துக்கு நேர் மேலே பலகை முனகியது. அதற்கப்பால் மகளின் குரல், யாருக்கோ ரகசியம் சொல்வதுபோல.

"உனக்கு நடக்கத் தெரியாதா?"

சுரண்டிய கை நின்றது.

"சரி, உப்புமூட்டை ஏறிக்கோ."

பலகையில் கனத்த காலடிகள் ஏணிப் பக்கம் நகர்ந்தன. ஸ்பிரிங் பட்டைகள் நெளிந்தன. கிறீச்சிட்டபடி நிமிர்ந்தன. படகு மொத்தமும் ஒரு சாண் எழுந்தது.

ஏணியில் சின்னப் பாதங்கள் இறங்கின. ஒரு படி முறிந்தது. பாதங்கள் மண்ணைத் தொட்டன. கணுக்கால்வரை புதைந்தன.

"பாப்பா."

அவள் நிற்கவில்லை. மெதுவாக வீட்டை நோக்கி நடந்தாள். பதிந்த குழிகளில் தண்ணீர் ஊறியது.

அவன் ஊர்ந்து வெளியே வந்து வீட்டுக்குள் போனபோது, மனைவி கூடத்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மகள், குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். மனைவியின் உதடுகள் வெளுத்திருந்தன. கீழே தரைக்கல் விரிசல் விட்டிருந்தது.

"இவளக் கொஞ்சம் தூக்குங்க. கால் மரத்துப்போச்சு."

மகளின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கப் பார்த்தான். காலையில் ஒற்றைக் கையால் தூக்கிய பிள்ளை.

அசையவில்லை.

"சீக்கிரங்க. இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே தெரியல."

மறுபடி குனிந்தான். அதே ஈர வாடை. கண் திறக்காமலேயே மகள் ஒரு கையை எடுத்து அவன் கழுத்தில் போட்டாள். பிறகு அடுத்த கையை.

பிறகு, அவள் முதுகுக்கு அந்தப் பக்கமிருந்து, மூன்றாவதாக ஒன்று வந்து விழுந்தது. நீளமாக. சில்லென்று.